பல லட்சம் கொடுத்து பழைய துப்பாக்கியா?

லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி: ரிவால்வர் புதுசா வாங்கலாமா, பழசா வாங்கலாமா?

பைக்குன்னா பதில் சுலபம். காசு கம்மின்னா பழசு. துப்பாக்கியில கதையே தலைகீழ். கான்பூர்ல செஞ்ச புத்தம்புது .32 ரிவால்வர் ஒரு லட்சம், ஒன்றரை லட்சத்துல முடிஞ்சிடும். அரை நூற்றாண்டு பழைய வெப்ளி அண்ட் ஸ்காட்டோ, வால்தர் பிஸ்டலோ வேணும்னா அதைப் போல பல மடங்கு. அதுக்கும் ஆள் அலையுது! ஏன்யான்னு கேட்டா, "ஃபாரின் சரக்கு சார், அந்த இரும்பே தனி"ங்கிறாங்க.

இரும்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. 1980களின் நடுவில் தனியாட்கள் துப்பாக்கி இறக்குமதி செய்யுறதை அரசு நிறுத்திடுச்சு (போட்டியில சுடுறவங்க மாதிரி சிலருக்கு மட்டும் விலக்கு). அதுக்கு முன்னாடி வந்த சரக்குதான் இன்னைக்கும் கை மாறிக்கிட்டு இருக்கு. சரக்கு கூடல, கேக்குற ஆள் மட்டும் கூடிக்கிட்டே போறான். புதுச்சேரிக்காரனுக்கு இதை விளக்க பொருளாதாரப் பாடமெல்லாம் வேணாம். ஒரே பிராண்டு, ஒரே பாட்டில், கோரிமேட்டைத் தாண்டினா வேற விலை. அந்தப் பக்கம் விலை அதிகம்கிறதால போதை கூடவா ஏறுது? :-)

இன்னொரு வேடிக்கை. கான்பூர்க்காரங்க அந்த .32 ரிவால்வரை எதைப் பார்த்து செஞ்சாங்க தெரியுமா? வெப்ளி மார்க் 4. நடுவுல மடிச்சுத் திறந்து தோட்டா போடுற அதே அமைப்பு. பேரன் புதுசா கடையில நிக்கிறான், இவங்க தாத்தாவை ஏலம் எடுக்குறாங்க. அட, பெயர்தான் முக்கியம்னா 2020லேயே வெப்ளி அண்ட் ஸ்காட் உத்தரப்பிரதேசத்துல ஹர்தோய் மாவட்டத்துக்கு வந்து ரிவால்வர் செய்ய ஆரம்பிச்சாச்சே!

பழசுல என்ன கோளாறு? ரிவால்வர்ல விசையை இழுக்கும்போது சிலிண்டர் சுத்தி, தோட்டா இருக்குற அறை குழலுக்கு நேரா வந்து பூட்டிக்கணும். பாகம் தேய்ஞ்சா மயிரிழை விலகும். குண்டு குழல் வாயில உரசி, சீவின ஈயம் பக்கவாட்டுல தெறிக்கும். பக்கத்துல நிக்கிறது உங்க வீட்டம்மாவா இருந்தா? கம்பெனி உதிரி பாகம் கிடைக்காது. யாராவது அரத்தால ராவிப் பொருத்தினாத்தான் உண்டு. போடுற தோட்டா மட்டும் பெரும்பாலும் நம்ம நாட்டு ஆலைத் தோட்டாதான்.

புதுசு மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. விசை கனம், வேலைப்பாடு சுமார், ஒத்துக்கறேன். 2014ல் பெண்களுக்குன்னு 'நிர்பீக்' விட்டாங்க, எடை 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணு எந்தக் காசுல வாங்குவா? அது தனிக் கூத்து. ஆனா 2023ல் வந்த 'பிரபல்'ல சிலிண்டர் பக்கவாட்டுல திறக்குது, வசதியும் கூடியிருக்கு. தேய்மானம் இல்லாத பாகம், கேள்வி கேக்க ஒரு ஆலை. எனக்கு இது போதும்.

1911 ஜூன் 17ல் மணியாச்சியில வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங். பயிற்சி நம்ம புதுச்சேரியில, வ.வே.சு. ஐயர்கிட்டன்னு சொல்வாங்க. வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டு நம்ம கையைக் கட்டி வெச்சிருந்த காலம். வெளிநாட்டுத் துப்பாக்கியை விட்டா அவங்களுக்கு வேற வழி ஏது? இன்னைக்கு ஏ.சி. கார்ல போற அண்ணாச்சிக்கு என்ன கேடு?

என் கோபம் அந்த அண்ணாச்சி மேலதான். கலெக்டருக்கு எழுதின மனுவுல "உயிருக்கு ஆபத்து"ன்னு இருக்கு. போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் அதை நம்பித்தான். உயிருக்கு நெசமாவே ஆபத்துன்னா, அவசரத்துல கண்டிப்பா வெடிக்கிற துப்பாக்கியைத்தானே தேடணும்? தாத்தா காலத்து வால்தரைத் தேடி ஊர் ஊரா அலைஞ்சா மனுவுல எழுதினது பொய்னுதானே அர்த்தம்? கல்யாண வீட்டுல கோட்டை விலக்கிக் காட்டத்தான் வாங்குறீங்கன்னு நேராச் சொல்லிடுங்க. (தேர்தல் வந்தா அதையும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வெறுங்கையோட வரணும், அது வேற.) உண்மையிலேயே மிரட்டல்ல இருக்குறவன் மனு ஒரு மூலையில தூங்கிக்கிட்டு இருக்கும்.

கடைசியா "இது முதலீடு தம்பி"ன்னு ஒரு வாதம் வரும். விக்கணும்னா சும்மா விக்க முடியாது. கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் காத்திருக்கணும், வாங்குறவனுக்கும் லைசென்ஸ் வேணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சுக்க முடியாதுங்கிறதால, ஏற்கெனவே ரெண்டு வெச்சிருக்கவன் வாங்க மாட்டான். டெல்லியில ஒரு நாள் சாயங்காலம் இறக்குமதித் தடையை எடுத்துட்டா, அந்தப் பல லட்சம் மறுநாள் காலையில என்ன விலைக்குப் போகும்னு அண்ணாச்சியே கணக்குப் போட்டுக்கட்டும்.