மாற்று ஏற்பாடு இருந்தது, கைகொடுக்கவில்லை

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. புரட்டாசி மாதத்தின் கடைசிச் சனி. மகாளய அமாவாசையும் அன்றுதான். தீபாவளிக்கு நான்கு வாரங்களே இருந்தன. கடைகளில் கூட்டம் சேரும் பிற்பகல் வேளையில், 2.54 மணியிலிருந்து, சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் முடங்கின.

கைப்பேசிச் செயலி திறக்கவில்லை. ஏடிஎம் பணம் தரவில்லை. கடையில் அட்டையை நீட்டியவர்கள் கையைப் பிசைந்தனர். மறுநாள் விடியற்காலை 4.47 வரை நீடித்த அந்தத் தடங்கலில், ஏறக்குறைய 25 லட்சம் கட்டணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறவில்லை. இரு வங்கிகளின் மின்னிலக்கத் தளங்களில் நுழைய முயன்று தோற்ற முயற்சிகள் 810,000 வரை இருந்தன. இந்த விவரங்களை அவ்வாண்டு நவம்பர் 6ஆம் தேதி சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் துணை அமைச்சர் ஆல்வின் டான் தெரிவித்தார்.

சிங்கப்பூரில் நடந்தது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஜோகூர் பாருவிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குப் போகும் நம் மக்களில் பலருக்குச் சம்பளம் ஏறுவது சிங்கப்பூர் வங்கிக் கணக்கில்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அன்று தவறியது எது என்று பார்த்தால், நம் நாட்டு வங்கி, விமான நிலையம், அரசாங்க முகப்பு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

ஒரு வால்வு, இரண்டு வங்கிகள்

இரு வங்கிகளின் கணினிகளும் ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்றில் இருந்தன. அங்குத் திட்டமிட்ட மேம்பாட்டுப் பணி நடந்தபோது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி குத்தகையாளர் ஒருவர் தவறான சமிக்ஞையை அனுப்பிவிட்டார். குளிரூட்டும் அமைப்பு செயலிழந்தது, மையத்தின் வெப்பம் ஏறியது, கணினிகள் நின்றன.

இதுவரை நடந்தது விபத்து. இத்தகைய நேரத்துக்கென்றே இரு வங்கிகளும் வேறு இடத்தில் மாற்றுத் தரவு மையம் வைத்திருந்தன. அவற்றை உடனே இயக்கவும் செய்தன. ஆனால் அவை முழுமையாகக் கைகொடுக்கவில்லை. டிபிஎஸ் வங்கிக்கு வலையமைப்பின் அமைவுகளில் பிழை இருந்தது. சிட்டிபேங்க்குக்கு இணைப்பில் சிக்கல் ஏற்பட்டது.

நாடாளுமன்றப் பதிலில் கவனிக்க வேண்டிய வரி இன்னொன்று. இரு வங்கிகளும் மாற்று மையத்தில் கணினிகளை மீட்டெடுக்கும் பயிற்சியை ஆண்டுதோறும் நடத்தி வந்தன. அக்டோபர் 14 அன்று தடை போட்ட அந்தச் சிக்கல்கள் முந்தைய பயிற்சிகளில் தலைகாட்டவே இல்லை.

அதாவது, சோதனை நடந்தது, வங்கிகள் தேறின. உண்மையான நாள் வந்தபோது தேர்ச்சி உதவவில்லை.

பெரட்டுக்குப் பதில் சொல்லும் கணினிகள்

கைப்பேசியில் மீதத்தைப் பார்க்க ஒருவர் விரலை வைத்தால், அந்தக் கேள்வி நேராகக் கணக்குப் புத்தகத்துக்குப் போவதில்லை. நடுவில் ஒரு மென்பொருள் இருக்கிறது. கேட்பவர் யார் என்று பார்ப்பது, தரவுத்தளத்தில் விவரத்தை எடுப்பது, பதிலைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அதன் வேலை. வங்கி முகப்பில் அமர்ந்திருக்கும் குமாஸ்தாவைப் போன்றது. துறையினர் அதை ‘அப்ளிகேஷன் சர்வர்’ என்பார்கள். வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் போன்றவை இவ்வகையில் பேர்பெற்றவை.

ஒரே குமாஸ்தாவை நம்பினால், அவர் விழுந்த கணமே முகப்பு மூடிவிடும். எனவே இரண்டு, மூன்று கணினிகளில் ஒரே மென்பொருளை ஓட்டி ஒரு கூட்டமாகக் கட்டுகிறார்கள். இதுதான் ‘கிளஸ்டர்’. ஒன்று நின்றால் மற்றொன்று வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒன்று நின்றுவிட்டது என்பது மற்றொன்றுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தில் காலைப் பெரட்டு எடுப்பதைப்போல இவை சில நொடிகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று கூப்பிட்டுப் பார்க்கின்றன. பதில் வந்தால் உயிரோடு இருக்கிறது; பல தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் விழுந்துவிட்டது என்று முடிவு செய்கின்றன.

கேட்க எளிதாக இருக்கிறது. குழப்பம் எங்கே வரும் என்பது தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு வேலையில் இறங்காத ஆள் உண்டு. கணினியிலும் அப்படியே. கூப்பிட்டால் ‘இருக்கிறேன்’ என்கிறது. வாடிக்கையாளரின் கேள்விக்கு மட்டும் பதில் தருவதில்லை. முழுதாகச் செத்த கணினியைவிட இந்த அரைகுறைக் கணினிதான் ஆபத்து. அது விழுந்ததாகவே மற்றவை நினைப்பதில்லை.

இரண்டு கங்காணிகள்

இன்னொரு சிக்கல் இதற்கு நேர்மாறானது. இரண்டு கணினிகளும் நன்றாகவே இருக்கின்றன. நடுவிலுள்ள கம்பி மட்டும் அறுந்துவிடுகிறது. அடுத்தவர் விழுந்துவிட்டார், இனி பொறுப்பு நமக்கே என்று இரண்டும் நினைத்துக்கொள்ளும். ஒரே வயலுக்கு இரண்டு கங்காணிகள், ஆளுக்கொரு கணக்குப் புத்தகம் என்ற நிலை வந்துவிடும்.

2018 அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவின் கிட்ஹப் நிறுவனத்துக்கு ஏறக்குறைய இதுதான் நேர்ந்தது. பழுதடைந்து வந்த வலையமைப்புச் சாதனத்தை மாற்றும்போது கிழக்குக் கரையில் இணைப்பு துண்டித்தது. துண்டித்திருந்தது வெறும் 43 நொடிகள். அதற்குள் தானியங்கி மென்பொருள் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. மற்றொரு பக்கத்தில் இல்லாத பதிவுகள் இரு பக்கத்திலும் சேர்ந்துவிட்டன. அவற்றை ஒழுங்குபடுத்திச் சேவையைச் சீராக்க 24 மணி 11 நிமிடம் ஆனது.

இதைத் தவிர்க்கவே கணினிகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைத்து, பெரும்பான்மை சொல்வதே முடிவு என்று விதி எழுதுகிறார்கள். சந்தேகத்துக்குரிய கணினியின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் விதி எழுதியிருப்பது வேறு; அந்த விதி நெருக்கடியில் வேலை செய்கிறதா என்று கம்பியை உருவிப் பார்ப்பது வேறு.

ஏட்டுச் சுரைக்காய்

வழக்கமான சோதனை எப்படி நடக்கிறது? வார இறுதி நள்ளிரவு, வாடிக்கையாளர் குறைவு. நாள், நேரம் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அனுபவமுள்ள பொறியாளர்கள் திரையின் முன் காத்திருப்பார்கள். முதல் கணினியை முறைப்படி நிறுத்துவார்கள். இரண்டாவது எழுந்து நிற்கும். பட்டியலில் சரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதில் விட்டுப்போவது நிறைய.

முதலாவது, பாரம். இரண்டு கணினிகள் தலா 70 விழுக்காட்டுப் பாரத்தைச் சுமக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விழுந்தால் மற்றது சுமக்க வேண்டியது 140 விழுக்காடு. நள்ளிரவில் இரண்டும் 10 விழுக்காட்டில் இருக்கும்போது சோதித்தால் இது தெரியவே தெரியாது. போதாததற்கு, சேவை நின்றதும் மக்கள் சும்மா இருப்பதில்லை. திரும்பத் திரும்பச் செயலியைத் திறந்து பார்ப்பார்கள். மீண்டு எழும் கணினியின் மேல் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம் வந்து விழும்.

இரண்டாவது, விழும் விதம். முறைப்படி நிறுத்தப்பட்ட கணினி கையில் உள்ள வேலையை முடித்துவிட்டு விடைபெறும். வெப்பத்தில் விழும் கணினிக்கு அந்த அவகாசம் கிடையாது. பாதியில் நின்ற பணப் பரிமாற்றம் கழிந்ததா, சேர்ந்ததா, இரண்டு தடவை கழிந்ததா என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

மூன்றாவது, போகும் வழி. மாற்றுக் கணினி நன்றாக இருந்தும் அதற்குப் போகும் பாதை அடைத்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு முன் முதல் மையத்தில் மாற்றிய ஓர் அமைவை இரண்டாவது மையத்தில் மாற்ற மறந்திருக்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். தரவுத்தளத்தின் புதிய கடவுச்சொல் அங்கே போய்ச் சேராமல் இருக்கலாம். டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டையும் மடக்கியது வலையமைப்பும் இணைப்பும்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவது, திரும்பி வருவது. மாற்று மையத்தில் சேர்ந்த கணக்குகளோடு பழைய மையத்துக்குத் திரும்புவதும் ஒரு சோதனைதான். பல இடங்களில் இதை யாரும் செய்து பார்ப்பதில்லை.

கிட்லேப் நிறுவனத்தின் கதை இதற்குத் தெளிவான பாடம். 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறான கணினியில் தரவுகளை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தும், ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

ஏன் செய்வதில்லை?

இதெல்லாம் துறையினருக்குத் தெரியாததல்ல. ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும் என்ற அச்சம் மேலிடத்தில் இருக்கிறது. அந்த அச்சம் முழுக்கத் தவறும் அல்ல. பகல் நேரத்தில் உண்மையான பாரத்தோடு சோதிக்கப் போய், சோதனையே தடங்கலாக மாறக்கூடும். பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போட்டவர்.

ஆனால் சோதிக்காமல் விட்டால் அபாயம் போய்விடுவதில்லை; தேதி தெரியாமல் காத்திருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதை வேறு விதமாகப் பார்த்தது. தன் கணினிகளைத் தானே குறிப்பின்றி விழவைக்கும் ‘கேயாஸ் மங்கி’ என்ற மென்பொருளை உருவாக்கி, அதைப்பற்றி வெளியுலகுக்குச் சொன்னது. பொறியாளர்கள் பணியில் இருக்கும் அலுவலக நேரத்திலேயே அது வேலையைக் காட்டும். விழுவது உறுதியென்றால், ஆட்கள் விழித்திருக்கும்போது விழட்டும் என்பதே அதன் நியாயம்.

படம் ஓடாமல் நிற்பதும் சம்பளம் வராமல் நிற்பதும் ஒன்றல்ல. வங்கிகள் குரங்கை அவிழ்த்துவிட முடியாது. ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஒரு வாரம் முழுவதும் மாற்று மையத்திலிருந்தே உண்மையான வாடிக்கையாளர்களுக்குச் சேவை தந்து பார்க்கலாம். அந்த ஒரு வாரம், பத்து நள்ளிரவுப் பயிற்சிகளைவிட அதிகம் சொல்லும்.

கொடுத்த விலை

டிபிஎஸ் வங்கிக்கு அது முதல் தடங்கல் அல்ல. 2021 நவம்பரில் பெரிய தடங்கல் ஒன்று ஏற்பட்ட பிறகு, சிங்கப்பூர் நாணய ஆணையம் ஏறக்குறைய 93 கோடி சிங்கப்பூர் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கச் சொன்னது. 2023 மார்ச், மே மாதத் தடங்கல்களுக்குப் பிறகு அத்தொகை சுமார் 160 கோடி வெள்ளியாக ஏறியது. இது அபராதமல்ல, ஆனால் வங்கி தன் தொழிலுக்குப் பயன்படுத்த முடியாமல் முடக்கி வைக்கும் பணம்.

அக்டோபர் சம்பவத்துக்குப் பிறகு, 2023 நவம்பர் 1ஆம் தேதி, அவசியமற்ற தொழில்நுட்ப மாற்றங்களையும் புதிய தொழில் வாங்குவதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தும்படி ஆணையம் உத்தரவிட்டது. அந்தக் காலத்தில் கிளைகளையும் ஏடிஎம் இயந்திரங்களையும் குறைக்கவும் கூடாது. வங்கி 8 கோடி வெள்ளியைச் சீரமைப்புக்கு ஒதுக்கியது. தலைமை நிர்வாகி பியூஷ் குப்தாவின் 2023ஆம் ஆண்டுக்கான மாறுபடும் ஊதியத்தில் 30 விழுக்காடு, அதாவது 41 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி, வெட்டப்பட்டது.

மேலிடத்தின் பையில் கைவைத்தது முக்கியமான செய்தி. நள்ளிரவில் திரையின் முன் உட்காரும் பொறியாளர் மட்டும் பொறுப்பல்ல, சோதனைக்கு நேரமும் பணமும் தர வேண்டியவரும் பொறுப்பு என்று அது சொல்கிறது.

நம் நாட்டில்

மலேசியாவிலும் விதி இருக்கிறது. பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப அபாய நிர்வாகக் கொள்கை 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. முக்கியக் கணினி அமைப்புகளில் வாடிக்கையாளரைப் பாதிக்கும் திட்டமிடாத தடங்கல், 12 மாதத்தில் மொத்தம் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; ஒரு தடவைக்கு 120 நிமிடமே எல்லை. சிங்கப்பூரிலும் அதே நான்கு மணி நேர விதி இருந்தது. அக்டோபர் 14 அன்று அது ஒரே நாளில் மூன்று மடங்குக்கு மேல் மீறப்பட்டது. விதி மட்டும் காவல் காக்காது.

ஜோகூரில் தரவு மையங்கள் பெருகி வருகின்றன. செம்பனை நின்ற கூலாய் யங் தோட்ட நிலத்தில் இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மைய வளாகம் நிற்கிறது. ஒரு காலத்தில் அத்தகைய நிலங்களில் பெரட்டுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மையங்களுக்கு வேலைக்குப் போகலாம். கணினியை நிறுவக் கற்பதோடு, அதை வேண்டுமென்றே விழவைத்துப் பார்க்கவும் அவர்கள் கற்க வேண்டும்.

கணினியைத் தொடாதவர்களும் செய்யக்கூடியது உண்டு. எல்லாப் பணத்தையும் ஒரே வங்கியில் வைக்காமல் இரண்டில் வைக்கலாம். இரண்டு நாள் செலவுக்குக் கையில் ரொக்கம் இருக்கட்டும். உறுப்பினர் கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கமோ ஆலயமோ, ‘எங்களிடம் பேக்கப் இருக்கிறது’ என்று ஆண்டுக் கூட்டத்தில் சொன்னால், கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம்: “கடைசியாக எப்போது அதிலிருந்து எடுத்துப் பார்த்தீர்கள்?”

பதிலில் ஒரு தேதி இருந்தால் நல்லது. இல்லையென்றால், அந்தத் தேதியை அந்தக் கூட்டத்திலேயே குறித்துவிடலாம்.