‘எனக்கு அதெல்லாம் வராதுங்க!’



வாசகர்களிடமிருந்து நமக்கு வரும் கடிதங்களில், குறிப்பாகப் பெண்கள் எழுதுபவற்றில், ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘எனக்கு அதெல்லாம் வராதுங்க.’ வண்டி ஓட்ட வராது. பேங்க்கில் சலான் எழுத வராது. நாலு பேர் முன்னால் பேச வராது. போனில் பணம் அனுப்ப வராது.

உங்கள் வீட்டில் இதை யார் அதிகம் சொல்கிறார்கள்? பெரும்பாலும் அம்மா. இல்லையென்றால் மனைவி. சில வீடுகளில், ரிட்டயர் ஆன பிறகு அப்பா.

கேட்கும் நாம் இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார் என்றுகூட நினைக்கிறோம். ஆனால், முயன்று பார்த்து முடியாமல் போனவரா இதைச் சொல்கிறார்? பத்து வயதில் யாரோ ஒருவர், ‘உனக்குக் கணக்கு வராது, போ’ என்று சொல்லியிருப்பார். அவர் அன்றே அதை மறந்திருப்பார். நாம்தான் ஐம்பது வயது வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு, ‘என் சுபாவமே இப்படித்தான்’ என்கிறோம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது நினைவிருக்கும். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத் தர வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க பேங்க் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. வயலுக்குப் போகிறவர்கள், குடுமியான்மலைப் பக்கம் கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று எல்லோரும் சைக்கிள் ஏறினார்கள். கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். அதன் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று! ரோட்டோரம் நின்று கேலி பேசிய ஆண்கள் இல்லாமல் இல்லை. அதற்காக இவர்கள் இறங்கிவிடவில்லை.

அன்னவாசல் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவும் அந்த லட்சம் பேரில் ஒருவர். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. முழங்கால் சிராய்ப்பைப் பெரியப்பாவுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு, வெள்ளாப்பிலேயே பழகப் போவார். ‘எப்படி பெரியம்மா தைரியம் வந்துச்சு?’ என்று சமீபத்தில் கேட்டேன். ‘தைரியமா? நடுக்கம்தான் வந்துச்சு. ஓட்டிட்டு வந்து எறங்கினப்புறந்தான் தைரியமே வந்துச்சு’ என்றார்.

இந்த வரிசையை நாம் தலைகீழாக அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்? முதலில் மனதில் தைரியம் வரட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருக்கிறோம். தன்னம்பிக்கைப் புத்தகம் வாங்குகிறோம், காலையில் எழுந்ததும் அதற்கான வீடியோ பார்க்கிறோம். சைக்கிளைத் தொடுவதில்லை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு இதையே ஆராய்ந்தார். பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களை வைத்து அவர் செய்த சோதனைகள் பிரபலம். பிறர் பாம்பைக் கையாளுவதைப் பார்த்தவர்களுக்குப் பயம் ஓரளவு குறைந்தது. பக்கத்தில் ஒருவர் துணை நிற்க, தானே மெல்ல மெல்லத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் குறைந்தது. ‘என்னால் இது முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று 1977-ல் அவர் எழுதினார். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு அதில் இடம் உண்டு. நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பதற்கும் இடம் உண்டு. ஆனால், தன் கையால் செய்து முடித்த அனுபவம்தான் எல்லாவற்றிலும் வலுவானது என்றார்.

அறிவொளியில் இவை எல்லாமே இருந்தன, பாருங்கள். பிரசாரப் பாட்டு இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்க முடிந்தது. கடைசியில் பெடல் அவரவர் காலுக்கடியில் வந்தது. நேற்றுக் கற்றவர் இன்று அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். யாரோ ஒரு பெரிய வீராங்கனை வந்து ஓட்டிக் காட்டியிருந்தால் இவ்வளவு நடந்திருக்குமா? ‘அவங்களுக்கென்ன, ஓட்டுவாங்க’ என்று சொல்லிவிட்டு நம் பெண்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏடிஎம் வாசலில் அம்மா தடுமாறுகிறார். பின்னால் க்யூ நிற்கிறது. ‘கொடுங்க, நானே எடுத்துத் தர்றேன்’ என்று கார்டை வாங்கிவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் அம்மாவுக்குப் போய்ச் சேரும் சேதி என்ன? ‘உங்களுக்கு வராது’ என்பதுதானே! கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறவர் ஒரு கட்டத்தில் கையை எடுத்தால்தானே சைக்கிள் பழகும்? கூட்டமில்லாத ஒரு மத்தியானத்தில் அம்மாவைக் கூட்டிப் போங்கள். இரண்டு தடவை பின் நம்பரைத் தப்பாகப் போட்டாலும் பொறுமையாக நில்லுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். சிலருக்குக் காலையில் எழுந்திருப்பதே மலையாக இருக்கும். பிடித்த சாப்பாடு பிடிக்காது, தூக்கம் வராது, எதிலும் ஒட்டாது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அவரிடம் போய், ‘முயற்சி பண்ணு, எல்லாம் வரும்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சர்க்கரைக்கு டாக்டரைப் பார்ப்பதுபோல் இதற்கும் பார்க்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பெரியம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. முழங்கால் வலி வந்து சைக்கிளை விட்டுப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் போயிருந்தபோது, பால்காரருக்கு போனில் பணம் அனுப்ப உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். பேத்தி பரபரவென்று போனை வாங்கக் கை நீட்டினாள்.

‘பின்னாடியே நில்லு தாயீ, தொடாத’ என்றார் பெரியம்மா.

அன்புடன்,
ஆசிரியர்