நேரமில்லைன்னு முடியை நேராக்கப் போறீங்களா? சுருட்டை முடிக்காரர்கள் கவனிக்க!

பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, இல்லை பூவும் எண்ணெயும் தருவதா? பாண்டிய மன்னனுக்கு வந்த இந்தச் சந்தேகத்தில்தான் தருமிக்குப் பொற்கிழி, நக்கீரருக்கு நெற்றிக்கண் என்று போகிறது மதுரையின் திருவிளையாடல் கதை. இன்றைய மதுரையில் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. 'இயற்கையாவே சுருண்டிருக்கிற முடியை அப்படியே விடலாமா, இல்ல பார்லருக்குப் போய் நேராக்கிடலாமா?'

இதற்குப் பின்னால் இருப்பது அழகு மட்டுமல்ல, நேரமும்தான். காலையில் திருமங்கலத்திலோ மேலூரிலோ பஸ் ஏறி சிட்டிக்குப் படிக்கவோ வேலைக்கோ வர்றவங்களுக்கு, தலைக்குக் குளித்து, சிக்கெடுத்து, காய வைக்க ஒரு மணி நேரம் என்பது ஆடம்பரம். 'ஒரு தடவை ஸ்மூத்தனிங் பண்ணிட்டா மாசக்கணக்குல கவலை இல்ல' என்று பார்லர்கள் விற்பது இந்த நேரத்தைத்தான். போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர், சலூன் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. கடைக்காரர் அடிப்படைக் கட்டணத்தை ஏற்றாதவரை, 5,000 ரூபாய் பில்லில் 900 ரூபாயாக இருந்த வரி இப்போது 250 ரூபாய்தான்.

காசு மிச்சம், நேரம் மிச்சம். சரி, வேறு எதையாவது கொடுக்கிறோமா?

பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?

முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதில், அதன் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 'ரீபாண்டிங்' அந்தப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து, நேராக வைத்து மறுபடி இணைக்கிறது. 'கெரட்டின்' என்ற பெயரில் செய்யப்படும் பல ட்ரீட்மென்ட்களில் ஃபார்மால்டிஹைடோ, சூடுபடுத்தும்போது அதை வெளிவிடும் பொருளோ இருக்கும். ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அயர்ன் வைக்கும்போது கண் எரிவதற்கு அந்தப் புகை காரணமாக இருக்கலாம்.

2022 அக்டோபரில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு அது. நேராக்கும் பொருட்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவிகிதம். ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவிகிதம். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. அதனால் ஒரு தடவை செய்தவர்கள் பயந்துவிட வேண்டாம். 'எத்தனை தடவை' என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பியும் உட்கார முடியாது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அது கலந்த க்ரீமால் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-ல் பதிவு செய்தார்கள்.

அரசுகள் என்ன செய்தன? ஐரோப்பிய யூனியன் அழகுப் பொருட்களில் ஃபார்மால்டிஹைடு சேர்ப்பதற்கு 2019-ல் தடை போட்டது. அமெரிக்காவோ தடைக்கான வரைவைக் கொண்டுவரப்போவதாக 2023-ல் சொல்லிவிட்டு, கெடுவைத் தள்ளிக்கொண்டே போனது. சட்டம் மெதுவாக நடக்கிறது, பார்லர் ஆஃபர் ஓடுகிறது.

மிச்சமாகிறதா நேரம்?

முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு மாதத்தில் வேர் பக்கம் சுருட்டை, கீழே நேர் என இரண்டு ரகமாகிவிடும். அப்புறம் 'டச் அப்', அதற்கு ஒரு அரை நாள், அதே புகை, அதே பில். நேரம் மிச்சம் என்று ஆரம்பித்தது, தவணை கட்டுவது மாதிரி ஆகிவிடுகிறது.

உண்மையில் நேரத்தைத் தின்பது சுருட்டை முடி இல்லை, அதை நேர் முடி மாதிரி நடத்துகிற பழக்கம்தான். நேர் முடியில் தலையின் எண்ணெய்ப்பசை நுனிவரை வழுக்கி இறங்கும். சுருளில் இறங்காது, அதனால் நுனி எப்பவும் வறண்டிருக்கும். அதை அடிக்கடி ஷாம்பு போட்டு, காய்ந்தபின் சீப்பால் இழுத்தால் கிடைப்பது 'பரட்டை'. '16 வயதினிலே' (1977) படத்தில் ரஜினி செய்த ரவுடிக்கே அந்தப் பேர்தானே! பள்ளியில் எண்ணெய் வழிய இரட்டைச் சடை, வீட்டில் 'தலையைக் கொஞ்சம் வாரக் கூடாதா?' என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு, 2015-ல் 'பிரேமம்' படத்தின் அனுபமா பரமேஸ்வரனைத் தமிழ்நாடே கொண்டாடியபோதுதான் 'நம்ம முடியும் முடிதான்' என்று தோன்றியது.

நம்ம ஊருக்கு ஒரு வாரத் திட்டம்

சோஷியல் மீடியா வீடியோக்களில் வரும் பத்துப் பாட்டில் பராமரிப்பு இங்கே தேவையில்லை.

ஞாயிறு: குளிக்க ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய். குளிப்பதற்கு முன் தடவும் தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைப்பதாக 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது (செய்தவர்கள் எண்ணெய் கம்பெனி ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்). பிறகு மென்மையான ஷாம்பு, அல்லது வடிகஞ்சியில் கரைத்த அரப்பு. அரப்பு என்பது உசிலை மர இலைதான். அந்த மரத்தால்தான் உசிலம்பட்டிக்கே பேர் வந்தது என்பார்கள். போர் தண்ணி உப்பாக இருக்கும் ஏரியாவில் சோப்பு போட்டால் முடியில் படிவு ஒட்டும், அரப்பில் அந்தத் தொல்லை இல்லை. கடைசி இரண்டு மக் மட்டும் கார்ப்பரேஷன் தண்ணியில் அலசினால் போதும்.

சிக்கெடுப்பது ஈரத்தில் மட்டும், கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால். ஒரு ஸ்பூன் ஆளி விதையை ஒரு டம்ளர் தண்ணியில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் வடிகட்டினால் ஜெல் ரெடி. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஈர முடியில் அதைத் தடவி, கையால் கசக்கிவிட்டு, பழைய காட்டன் துணியால் ஒற்றி எடுங்கள். டர்க்கி டவலால் தேய்க்க வேண்டாம்.

புதன் இரவு இன்னொரு குளியல். மதுரை வெயிலில் வியர்வை அதிகமென்றால் நடுவில் வெறும் தண்ணியில் அலசலாம். மற்ற நாள் காலையில் லேசாகத் தண்ணி தெளித்து, துளி ஜெல் தடவினால் ஐந்து நிமிஷ வேலை. டூவீலர் என்றால் தளர்வான பின்னல், ஹெல்மெட்டுக்குள் வழவழப்பான துணி. இரவில் பழைய பட்டுத் துணியைத் தலையணையில் விரித்தால் காலையில் சிக்கு குறையும். ஆண்களுக்கும் இதே கணக்குதான், நேரம் பாதி.

இதற்கு மேலும் நேராக்கத்தான் ஆசையா? அது உங்க முடி, உங்க முடிவு. ஆனால் சேரில் உட்காரும் முன், பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்க உட்பொருள் பட்டியலை போனில் படம் எடுத்து, ஃபார்மால்டிஹைடு, மெத்திலீன் கிளைகால், கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளே இல்லாத டப்பா என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காட்ட மறுக்கும் பார்லரிலும் அதேதான்.