சேமித்த ஜலம்

நெல்லைக் குதிரில் கொட்டிவிட்டு ஆண்டு முழுவதும் அதன் பக்கம் திரும்பிப் பாராத குடியானவன் நம் நாட்டில் இல்லை. பூச்சி விழுந்ததா, ஈரம் தட்டிற்றா, எலி புகுந்ததா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேயிருப்பான். நெல்லினும் அருமையான ஜலத்தை மாடித் தொட்டியில் நிரப்பிவிட்டு, அத்தொட்டியின் மூடியை வருஷக்கணக்காகத் திறந்தும் பாராதவர்களோ நம்மில் அநேகர். குழாயைத் திருகினால் ஜலம் விழுகிறது; விழுகிற வரையில் கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம்.

ஜலத்தின் அருமை நமக்குத் தெரியாது என்று யாரும் குறை கூற முடியாது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தது ஜலம்: 50 வாகன்கள், ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் காத்து நின்ற தாய்மார்களுக்கு அந்தக் கோடை எளிதில் மறக்காது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ஜலம் வீட்டுக்குள் நுழைந்த பிறகு என்ன கதி அடைகிறது? இவ்வாரம் நாம் ஆராய விரும்புவது அதையே.

நகரசபை அனுப்பும் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லுவதற்காகக் குளோரின் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக் குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டுமென்பது நம் தேசத்தின் தர விதி. அந்தக் குளோரின் ஒரு காவற்காரன். ஆனால் நிரந்தர உத்தியோகம் பெற்றவன் அல்ல. வெயிலும் வெப்பமும் அவனை விரட்டும். தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தால், அச்சேற்றோடு மல்லாடியே அவன் பலம் தீர்ந்துபோகும். அதன் பின்னர் எந்தக் கிருமி நுழைந்தாலும் தடுப்பார் இல்லை. மூடி சரியாகப் பொருந்தாத தொட்டியில் பல்லி விழும், பறவை எச்சமிடும், வெளிச்சம் புகுந்தால் பாசி படரும். ஏரியில் தொடங்கி வீதிக் குழாய் வரையில் காப்பாற்றி வந்த சுத்தம், நம் வீட்டு மாடியில் வந்து பாழாகிறது!

கொசுவின் விஷயமும் இருக்கிறது. கொசு சாக்கடையில்தான் பிறக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சேமித்து வைத்த தெளிந்த ஜலத்தையே விரும்பும், கடிப்பதும் பகலிலேதான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்குச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே பீப்பாய், டிரம், அண்டா ஆகியவற்றை வாரம் ஒருமுறை காலிசெய்ய வேண்டும். வெறுமே கவிழ்த்தால் போதாது. அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். மறுபடி ஜலம் பட்டதும் பொரிக்கும். எனவே அழுந்தத் தேய்த்துக் கழுவுவது அவசியம். வாரந்தோறும் காலிசெய்ய இயலாத மாடித் தொட்டிக்கு இறுக்கமான மூடியும், வழிந்தோடும் குழாயின் வாயில் கம்பி வலையும் வேண்டும்.

தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் சுத்தம் செய்வது நலம். முதலில் ஜலத்தை வடித்து, வண்டலை அள்ளி, சுவர்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு நல்ல ஜலம் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 200 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து விட்டு, ஒருநாள் முழுதும் வைத்திருந்து வடித்துவிட வேண்டும். இந்த ஜலம் குடிப்பதற்கு அல்ல. வாடை போகும் வரையில் அலசிய பிறகே தொட்டியைப் புழங்கலாம். சாதாரண நாட்களில் சேமித்த தெளிந்த நீரைச் சுத்திசெய்ய 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். அதை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தரை கழுவும் ஆஸிட்டை இதனுடன் கலப்பதோ மகா ஆபத்து. அதனால் உண்டாகும் விஷவாயு உயிருக்கே உலை வைக்கும்.

தொட்டி சுத்தமாயிருந்தும் சமையலறையில் ஜலம் கெடுவதுண்டு. வாயகன்ற பாத்திரத்தில் கையை விட்டு மொண்டு குடிப்பதே காரணம். கல்கத்தாச் சேரிகளில் வைத்தியர்கள் நடத்திய சோதனை ஒன்றின் முடிவு 1986-இல் வெளியாயிற்று. காலரா கண்ட வீடுகள் சிலவற்றுக்குக் குறுகிய கழுத்துள்ள 'சோராய்' என்னும் மண் கூஜாவைக் கொடுத்தார்கள். சிலவற்றில் ஜலத்துக்குக் குளோரின் சேர்த்தார்கள். இரு வகை வீடுகளிலும் மற்றவர்களுக்குத் தொற்று பரவுவது வெகுவாகக் குறைந்தது. கை நுழையாத ஒரு மண் பாண்டம் மருந்துக்கு நிகரான வேலையைச் செய்தது! நம் குயவர் வீதியில் கிடைக்கும் கூஜாவுக்கு, அல்லது குழாய் வைத்த பானைக்கு, இதைவிட என்ன நற்சாட்சிப் பத்திரம் வேண்டும்?

கடைசியாக ஒன்று. பூமிக்கு அடியில் கட்டிய 'சம்ப்' தொட்டியைக் கழுவுவதற்குக் கூலி ஆள் ஒருவரை இறக்கிவிட்டு, மேலே நின்று வேடிக்கை பார்ப்பது பல வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியில் பிராண வாயு குறைந்திருக்கலாம். மோட்டாரில் மின்சாரம் கசியலாம். ஆகையால் மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டு, முடிந்த மட்டும் மேலிருந்தே நீண்ட துடைப்பத்தாலும் பம்பாலும் வேலையை முடிக்க வேண்டும். இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால், தக்க சாதனங்களும் பயிற்சியும் உள்ளவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். ஓர் ஏழையின் உயிரைப் பணயம் வைத்துச் சுத்தமாக்கிய ஜலம் சுத்த ஜலமாகாது.

1901-ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரஸுக்குப் போன காந்தியடிகள், அங்கிருந்த அசுத்தத்தைக் கண்டு தாமே துடைப்பத்தை எடுத்தார். அணை கட்டுவதும் குழாய் பதிப்பதும் சர்க்காரின் கடமை. அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம் வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வாசகர்கள் ஒவ்வொருவரும் அதைத் திறந்து பார்ப்பார்களாக!