சர்வே எடுக்கலைங்க, படம் வரையறேன்

கோபிசெட்டிபாளையத்துல வயலைப் பார்த்துச் சும்மா உட்கார முடியாதுங்க. அதுக்கு ஒரு காரணம் வேணும்.

தடப்பள்ளி வாய்க்கால் ஓரமா ஸ்டூலைப் போட்டு, பேப்பரை போர்டுல ஒட்டியிருப்பேன். பிரஷ் இன்னும் நனைஞ்சிருக்காது. பின்னாடி பைக் வந்து நிக்கும்.

"ஏனுங்ண்ணா, ரோடு வருதுங்ளா?"

இல்லைங்க.

"அப்ப சைட்டுப் போடறாங்ளா?"

இல்லைங்க, படம் வரையறேன். நம்பினாத்தானே? "செண்டு என்ன வெலை பேசியிருக்கு?"

என்னத்தைச் சொல்ல?

ஊர்ப் பெருமையே இந்தப் பச்சைதான். கொடிவேரி அணைத் தண்ணி தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்ல போய் 24,000 ஏக்கருக்கு மேல பாயுது. குட்டிக் கோடம்பாக்கம்னு பேரு வேற. ஷூட்டிங்காரன் வரப்பை மிதிச்சாக்கூட டீ வாங்கிக் கொடுத்து வேடிக்கை பார்ப்போம். தனியா ஒருத்தன் உட்கார்ந்தா மட்டும் சந்தேகம். வாங்க வந்திருக்கணும், இல்ல விக்க வந்திருக்கணும். பார்க்க மட்டும் வர்றவன் நம்ம கணக்குலயே இல்லை.

வாட்டர்கலர் யாருக்காகவும் காத்திருக்காதுங்க. பேப்பரை நனைச்சு வானத்துக்கு நீலம் இறக்கினா, ஈரம் காயறதுக்குள்ள மேகத்தை முடிச்சாகணும். சித்திரை வெயில்ல அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிக்கும்? அந்த நேரம் பார்த்துத்தான் பைக்ல வந்தவர் பட்டா விவகாரம் பேசுவார். அவருக்குப் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீலம் பாதியில காஞ்சு, வானத்துக்குக் குறுக்கே கோடு. கொக்கு வரையணும்னா அந்த இடத்துல பேப்பரை வெள்ளையா விட்டுவைக்கணும். அதையும் விரல் வெச்சுக் காட்டி ஒருத்தர் கேட்டார்: "இது காலி இடமுங்ளா?"

பேப்பர் கதையைக் கேட்காதீங்க. 300 ஜி.எஸ்.எம். காட்டன் பேப்பர்னா, கடைக்காரர் சார்ட்டை உருவிப் போடறார். அவரைச் சொல்லி என்ன? ஸ்கூல்ல டிராயிங் பீரியடை மேத்ஸ் சார் கடன் வாங்கிட்டே இருந்தா ஊர்ல வேற என்ன விக்கும்?

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966ல உருவாக்கின கே.சி.எஸ். பணிக்கர், 1911ல நம்ம கோயமுத்தூர்ல பொறந்தவர். ஆரம்பத்துல அவர் போட்டதும் இதே வாட்டர்கலர் லேண்ட்ஸ்கேப்தான். நல்லவேளை, எங்க ஊர் வரப்புல உட்காரலை. சிட்டா, அடங்கல் எங்கேன்னு கேட்டிருப்பாங்க.

வயித்தெரிச்சல் என்னன்னா, பைக்ல வர்றவர் கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. நான் வரைஞ்ச வயல்ல இப்ப மஞ்சக் கல்லு. வாசல்ல ஆர்ச்சு, கலர் கலராக் கொடி, ஏதோ ஒரு 'நகர்'. நாத்து நட்ட இடத்துல கிராவல் மண். என் பெட்டியில சாப் கிரீன் டியூப் தீரவே மாட்டேங்குது. மண் கலர் பர்ன்ட் சியன்னாதான் சீக்கிரம் தீருது.

விக்காதீங்கன்னு சொல்ல நான் யாரு? வெள்ளாமைக்கு ஆள் கிடைக்காம, நெல்லுக்கு விலை கிடைக்காம அல்லாடறது நீங்க. ஒரே ஒரு உதவி. சைட்டுக்குக் கொடுக்கறதுன்னு முடிவாயிட்டா, கல்லு நடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி சொல்லி அனுப்புங்க. நெல்லு நிக்கும்போதே வந்து வரைஞ்சுக்கறேன்.