பட்டறை எங்கே?

'தொட்டுப் பார்க்கலாம்' என்று ஒரு பலகை மாட்டிவிட்டால் அது அறிவியல் கூடமாகிவிடும் என்றொரு நம்பிக்கை நம்மூரில் இருக்கிறது. உள்ளே போனால் தொடுதிரை. விரலை வைத்தால் காணொளி ஓடும். மூன்று விடைகளில் சரியானதைத் தொட்டால் 'சியாபாஸ்!' என்று கைதட்டல் சத்தம் வரும். பிள்ளை அடுத்த திரைக்கு ஓடும். இதற்குப் பெயர் பரிசோதனை என்றால், ஏடிஎம்மில் ஐம்பது ரிங்கிட் எடுப்பதும் பரிசோதனைதான்.

இந்த வகைக் கூடங்களுக்கு முன்னோடி என்று எல்லோரும் காட்டுவது சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் எக்ஸ்புளோரட்டோரியம். 1969இல் அதைத் தொடங்கிய பிராங்க் ஓப்பன்ஹைமர், நோலன் படத்தால் நமக்கெல்லாம் தெரிந்த ராபர்ட்டின் தம்பி. அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த இயற்பியலாளர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை 1949இல் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்; மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். மின்னசோட்டா பல்கலைக்கழக வேலை போனது. கொலராடோவில் மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியாரானார்.

அந்த வாத்தியார் கட்டிய கூடம் எப்படி இருந்தது? 1915 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய பழைய மண்டபம். காட்சிப்பொருள்களைச் செய்யும் பட்டறை பார்வையாளர் கண்முன்னாலேயே இருந்தது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றுகிற சைக்கிள் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தால் நாற்காலியே திரும்பும். உடம்புக்கு முதலில் தெரியும்; விளக்கம் பிறகுதான். சம்பளத்துக்கு வந்த பள்ளி மாணவர்கள் மாட்டுக் கண்ணை அறுத்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று 'சமையல் புத்தகம்' என்ற பெயரிலேயே அச்சிட்டு மற்ற ஊர்க்காரர்களுக்கும் கொடுத்தார்கள். 2013இல் கடற்கரைத் துறைமுக மேடைக்கு இடம் மாறியபோதும் பட்டறையைச் சுவருக்குப் பின்னால் ஒளிக்கவில்லை.

நாம் எடுத்துக்கொண்டது வண்ணத்தையும் சத்தத்தையும். பட்டறையை அங்கேயே விட்டுவிட்டோம்.

'பசங்க உடைச்சிடுவாங்க, பராமரிப்புக்குக் காசு எங்கே?' என்பார்கள். உடையட்டுமே. தொடுதிரை மட்டும் கெடாதா? கெட்டால் 'பழுது' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். சைக்கிள் சக்கரம் கழன்றால் ஒருவர் ஸ்பேனரோடு வருவார். அவர் செய்வதைப் பிள்ளை நின்று பார்க்கும். அன்றைக்கு அது கற்றுக்கொண்ட பெரிய பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

இது வெறும் பள்ளிச் சுற்றுலா விவகாரமில்லை. நான் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். எங்கள் லேப்பில் சீனியர் அறிக்கையில் இருக்கும் எண்தான் எங்களுக்கும் வர வேண்டும். வரவில்லையென்றால் 'மறுபடி எடு', அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. வேலைக்குப் போன பிறகு பார்த்தால், எனக்குச் சம்பளம் தருவதே அந்த வராத எண்ணுக்காகத்தான். பம்ப் ஏன் அதிர்கிறது, அளவி ஏன் பொய் சொல்கிறது என்பதற்கு மூன்று விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்ல யாரும் வருவதில்லை.

எட்டு வயதில் சரியான விடையைத் தொடப் பழகிய கைதான் இருபது வயதில் சீனியர் அறிக்கையைப் பார்த்து எழுதுகிறது. அதனால் இனி தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டு இப்படி ஒரு கூடத்துக்குப் போனால், டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே கேளுங்கள்: 'உங்க பட்டறை எங்கே இருக்கு?' பதில் வரவில்லையென்றால், பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றும் சுழல் நாற்காலி ஒன்றும் வீட்டிலேயே தேடலாம். அதற்கு டிக்கெட் வேண்டாம்.