கொல்லை யாருடையது?

வீட்டின் பின்புறம் நான்கு பாத்தி கீரை, பந்தலில் ஓர் அவரைக்கொடி, கூட்டில் ஐந்தாறு கோழிகள், பரணில் இரண்டு ஆடுகள் இருந்தால் ஏழைக் குடும்பம் பசியறியாது என்று நெடுங்காலமாக நமக்கு அறிவுரை கூறப்பட்டு வருகிறது. அலுவலர் கூறுகிறார், தொண்டு நிறுவனத்தார் கூறுகின்றனர், மேடையேறும் பெரியோரும் கூறுகின்றனர். விதைப் பொட்டலமும் கோழிக்குஞ்சும் வழங்குவோரும் உண்டு. அறிவுரையில் பிழையில்லை. ஆயினும் அதைக் கூறுவோர் ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகின்றனர். அந்தக் கொல்லை யாருடையது? நீலகிரியின் மேற்கு எல்லையில், கூடலூருக்கும் பந்தலூருக்கும் இடையே அமைந்த தேவாலாவை முன்வைத்து இக்கேள்வியை எழுப்ப விரும்புகிறோம்.

தேவாலாவின் தேயிலைக் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்ப்பவர், இம்மக்களுக்குத் தோட்டக்கலை கற்பிப்பது வீண்வேலை என்று விரைவில் உணர்ந்துகொள்வார். லயன் வீட்டுச் சுவருக்கும் தேயிலைச் செடியின் முதல் வரிசைக்கும் இடைப்பட்ட சிறு துண்டில் சேம்பும் சேனையும் மரவள்ளியும் நிற்கும். கூரையில் மேரக்காய்க் கொடி படரும். வாசலோரம் காந்தாரி மிளகாய் காய்த்திருக்கும். கோடை மழைக்குக் கிழங்கை ஊன்ற வேண்டும் என்பதும், ஆனி ஆடியின் அடைமழையில் கீரை அழுகிவிடும் என்பதும், மழை தணிந்த பின்னரே அவரையும் பீன்சும் நட வேண்டும் என்பதும் இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியவை அல்ல. ஈரத்தில் நின்றால் ஆட்டின் குளம்பு புண்ணாகும் என்பதால் பலகைப் பரண் கட்டுகிறார்கள். பரணின் கீழ் விழும் புழுக்கை பாத்திக்கு எருவாகிறது. சமையற் கழிவு கோழிக்குத் தீனியாகிறது. உழைப்புக்கும் அறிவுக்கும் இங்கே குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

இவர்களுள் பலர், அல்லது இவர்தம் பெற்றோர், இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று கணக்கிட்டது. கணக்கிடப்பட்டவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலையளிக்கவே தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், மக்கள் வழக்கில் ‘டான்டீ’, என்ற பெயரில் இயங்குகிறது. காட்டைத் திருத்திச் செடி நட்டவர்கள் இவர்களே. வேலையோடு வீடும் கிடைத்தது. ஆனால் வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதே விதி. வீட்டோடு கொல்லையும் போய்விடும்.

இந்த விதி தோட்டத்தில் என்ன பயிர் நிற்கும் என்பதையே தீர்மானித்துவிடுகிறது. கீரை ஒரு மாதத்தில் பறிக்கலாம். கோழி ஆறு மாதத்தில் முட்டையிடும். வாழை ஓராண்டில் குலை தள்ளும். மிளகுக்கொடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். விதையிட்ட பலா பலன்தர எட்டு ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டும். ஓய்வுபெற மூன்றாண்டு இருக்கும் தொழிலாளி எதை நடுவார்? கீரையைத்தான் நடுவார். மண்ணை அணைத்துக் கல்வரப்புக் கட்டுவாரா? மழைநீரைத் தேக்கக் குழி வெட்டுவாரா? மாட்டுக்கு நல்ல கொட்டில் எழுப்புவாரா? நாளை யாரோ பிடுங்கிக்கொள்ளும் மண்ணில் இன்று பணத்தையும் முதுகெலும்பையும் எவர்தான் புதைப்பார்? பயிரின் வயதைக் கொண்டே உரிமையின் வயதை அளந்துவிடலாம். இதைச் சோம்பல் என்று ஏசுவோரின் மனச்சான்றை நாம் ஐயுறுகிறோம்.

2011-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல நோக்கமே. நிலமற்றோரைத் தேடித்தான் அத்திட்டம் சென்றது. ஆனால் நிலமற்றவரின் ஆடு எங்கே மேயும்? ஒருபுறம் தேயிலை, மறுபுறம் காப்புக்காடு. இடையில் ஒரு லயன் வாசல். ஆட்டைக் கொடுத்த கை, அது நிற்கும் மண்ணைக் கொடுக்கத் தயங்கியது. 2022-ஆம் ஆண்டோ தேயிலைக் கழகத்தின் கீழிருந்த இரண்டாயிரம் எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பியளிக்க ஆணை பிறந்தது. தொழிலாளர் வீதிக்கு வந்து போராடினர். ஓய்வுபெற்றோருக்கு வீடு கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. வீட்டைப் பற்றிய பேச்சாவது எழுந்தது. கொல்லையைப் பற்றிய பேச்சே எழவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலமாயிருந்த கூடலூர் வட்டாரத்தின் ஏறத்தாழ 80,000 ஏக்கரைப் பற்றி 1969-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1974-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி எழுந்த வழக்கில்தான் 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை குறித்துப் புகழ்பெற்ற தீர்ப்பு வழங்கினர். நாடெங்கும் சட்ட மாணவர் அதைப் படிக்கின்றனர். கூடலூர்க் குடியானவர் பலரோ இன்னும் பட்டாவுக்குக் காத்திருக்கின்றனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இம்மண்ணின் முதல் மக்களாகிய பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் ஆகியோரின் உரிமையை ஏற்றது. அது முற்றிலும் நீதியானது. அவர்களுக்கே முதலிடம் உரியது. ஆனால் பழங்குடியினர் அல்லாதோர் 2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வனத்தைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்கிறது. 1964-க்குப் பின் அரசே கப்பலேற்றிக் கொண்டுவந்த மக்கள் 1930-இல் இங்கே எப்படி இருந்திருக்க முடியும்?

மலையின் மறுபுறம் கேரளத்தைப் பாருங்கள். 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை வாங்கும் உரிமையளித்தது. அச்சட்டமும் பெருந்தோட்டங்களை உச்சவரம்பிலிருந்து விலக்கிய குறையுடையதே. எனினும் பத்து சென்ட் என்பது குடும்பத்தின் சோற்றோடும் மானத்தோடும் தொடர்புடையது என்பதை ஒரு சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. தனியுடைமையை வெறுத்த சோவியத் ஒன்றியத்தில்கூட, கூட்டுப்பண்ணைக் குடும்பத்துக்கு விடப்பட்ட வீட்டுத் துண்டுகள், சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே இருந்தும், நாட்டின் வேளாண் விளைச்சலில் ஏறக்குறைய கால்பங்கைத் தந்தன. சிறு துண்டு நிலம் இளக்காரமானதன்று.

நம்மை மறுப்போர் மூன்று காரணங்களைக் கூறுவர். முதலாவது, யானை. உண்மைதான். வாழையும் பலாவும் யானையை வாசலுக்கு அழைக்கின்றன. ஆடும் கோழியும் சிறுத்தையை இழுக்கின்றன. 2022 நவம்பரில் தேவாலாப் பகுதியில் யானை தாக்கி ஒரு பெண்மணி உயிரிழந்தார். வீடுகளை இடித்து அரிசி தேடிய மக்னா யானை அவ்வாண்டு டிசம்பரில் பிடிக்கப்பட்டது. யானையின் வழித்தடத்தில் எவரையும் குடியமர்த்த நாம் கோரவில்லை. வழித்தடத்தை அளந்து, அதற்கு வெளியே கொல்லையோடு கூடிய மனையைக் கொடுங்கள் என்றே கோருகிறோம். எங்கே குடியிருப்பது, எதை வளர்ப்பது, எங்கே வேலியிடுவது என்று திட்டமிட, நிலையான இடம் உடையவராலேயே இயலும்.

இரண்டாவது, பட்டா கிடைத்தால் விற்றுவிடுவார்கள், மலையெங்கும் சொகுசு விடுதிகள் எழும் என்பர். வாரிசுக்குச் செல்லும், ஆனால் விற்க இயலாத நிபந்தனைப் பட்டா நம் வருவாய்த்துறை அறியாததா? ஏழை விற்றுவிடுவான் என்று அஞ்சும் நாம், செல்வர் வாங்கிக் குவித்ததைக் கண்டு இத்தனை அஞ்சினோமா?

மூன்றாவது காரணம் வெளியே சொல்லப்படுவதில்லை. கொல்லையில் விளைவதைக் காட்டிக் கூலியைக் குறைக்கலாம் என்ற எண்ணம் முதலாளிகளின் மனத்தில் என்றும் உண்டு. ஆகவே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். கீரைப்பாத்தி கூலிக்கு ஈடாகாது. எட்டு மணிநேரம் கொழுந்தெடுத்த பெண் அந்திவேளையில் குனிந்து வளர்ப்பது அவளுடைய இரண்டாவது உழைப்பு. அதன் பலன் அவள் பிள்ளைகளின் தட்டுக்கே உரியது.

காய்கறித் தோட்டத்தின் பெயரால் நடந்த அநீதியொன்று மறைநூலிலும் உண்டு. அரசன் ஆகாபு, நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைத் தன் அரண்மனைக்குக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். ஈடும் விலையும் தருவதாகச் சொன்னான். மூதாதையரின் உரிமையைத் தர நாபோத்து மறுத்தார். அதனால் உயிரிழந்தார். நாபோத்துக்கு மறுப்பதற்கேனும் உரிமை இருந்தது. ஐம்பது ஆண்டு உழைத்தும் தேவாலாத் தொழிலாளிக்கு அந்த உரிமைகூட இல்லை.

தேவாலாவின் மண் முதலில் காப்பிக்கும், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டன் கம்பெனிகளின் தங்க வேட்டைக்கும், பின்னர் தேயிலைக்கும் விலைபேசப்பட்டது. உழைத்தவரின் உலைக்கென்று அது ஒருபோதும் அளக்கப்படவில்லை. இனியேனும் அளப்போம். ஓய்வுபெறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், கணவன் மனைவி இருவர் பெயரிலும், வீட்டோடு பத்து சென்ட் நிலம் வேண்டும். அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் கோழிக்கூடு வைக்க இயலாது. நம் பங்குகளும் அன்பியங்களும் சங்கங்களும் விதைப் பொட்டலத்தோடு இக்கோரிக்கை மனுவையும் கையில் ஏந்தட்டும். பட்டா கையில் இருந்தால், பலா மரத்தை எங்கே நடுவது என்று இம்மக்கள் நம்மிடம் கேட்க வேண்டியிராது.